கேட்காமல் விட்ட கேள்வி

“நாந்தாங்க இழுத்தேன்” என்று ராயப்பன் சொன்னபோது அவரை யாரும் அடித்திருக்கவில்லை, மிரட்டியிருக்கவும் இல்லை. மரவள்ளிக் கொல்லையில் கலையரசனின் பிணத்தின் மேல் சாக்கு போர்த்தியிருந்தார்கள். வரப்பில் நின்ற இன்ஸ்பெக்டர், “இந்தக் கம்பிக்கு எந்த மோட்டார்லேருந்து கரண்டு போயிருக்கு?” என்று மட்டும்தான் கேட்டார். ராயப்பன் ஒருதரம் தலையைத் திருப்பி மகன் அமலின் காலைப் பார்த்தார். அமலின் ஷூவெல்லாம் சேறு. அதன் பிறகுதான் அந்த வார்த்தையைச் சொன்னார்.

அந்தப் பார்வையை உபகாரமேரி பார்த்துவிட்டாள். ஜீப்பில் ஏற்றும்போது புருஷன் தன் முகத்தைப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் பார்க்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சந்தைக்குப் போகிறவர் மாதிரி ஏறி உட்கார்ந்தார்.

கல்வராயன் மலையிலிருந்து மழை இறங்கி வருகிற ஐப்பசி மாதம் அது. கோமுகி அணைக்குப் போகிற ரோட்டுக்குக் கீழே, மலையடிவாரத்தில் அவர்கள் கொல்லை. கிழங்கு முற்றி, இன்னும் சில வாரத்தில் பிடுங்கி ஜவ்வரிசி மில்லுக்கு அனுப்ப வேண்டிய நேரத்தில் பன்றிகள் இறங்கிவிட்டன. ராத்திரியில் கும்பலாக வந்து பாத்தி பாத்தியாய் உழுது போட்டுவிட்டுப் போகும். காலையில் போய்ப் பார்த்தால் கடித்துத் துப்பிய கிழங்குகள் வெள்ளையாய்க் கிடக்கும். “ஒரு கம்பிய இழுத்துக் கரண்டு குடுத்தா ஒரே நாள்ல அடங்கிப்புடும்” என்று போன வாரம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சொன்னது அமல்தான். ராயப்பன் களியைப் பிட்டுக் குழம்பில் தோய்த்துக்கொண்டே இருந்தார்.

செத்துப்போன கலையரசன் கரியாலூருக்கு அப்பால் மலைமேல் ஒரு சிற்றூர்க்காரன். கிழங்கு பிடுங்குகிற காலத்தில் அவனும் அவன் பெண்டாட்டி இருசம்மாளும் இறங்கி வந்து, பக்கத்துக் கொல்லைக் கொட்டகையில் தங்கிக் கூலி வேலை செய்வார்கள். இருசம்மாள் உபகாரமேரிக்கு நல்ல சிநேகம். பக்கத்துப் பக்கத்துச் சாலில் நின்று கிழங்கு வெட்டிக்கொண்டே ஊர்க்கதையெல்லாம் பேசுவார்கள்.

அமல் போலீஸ் வேலைக்குத் தேர்வாகிவிட்டதாகவும், ஆர்டர்தான் வர வேண்டும் என்றும் வீட்டில் சொல்லியிருந்தான். ஒரு கேசில் பேர் அடிபட்டால் அந்த வேலை அத்தோடு சரி. இது ராயப்பனுக்குத் தெரியும். உபகாரமேரிக்கும் தெரியும். அதனால்தான் போலீஸ்காரர் கேட்டபோது, “பையன் வூட்லதாங்க தூங்கிக்கினு இருந்தான்” என்று நெஞ்சு நடுங்காமல் சொன்னாள்.

அவன் வீட்டில் தூங்கவில்லை. முந்தின சாயங்காலம் அடித்த காற்றில் கரண்டு போயிருந்தது. விடிகிறதற்கு முன்னால் கரண்டு வந்து, அணைக்காமல் விட்ட லைட்டு பளிச்சென்று எரிந்தபோது அவள் கண் விழித்தாள். அமலின் பாய் காலியாக இருந்தது.

*

வக்கீல் விஜயலட்சுமியின் ஆபீஸ் கள்ளக்குறிச்சியில் கோர்ட்டுக்குப் பின் தெருவில், அவர் வீட்டின் முன்னறையிலேயே இருந்தது. முப்பது வருசமாகக் கிரிமினல் கேசு மட்டும் நடத்துகிறவர். கொலைக் கேசு என்றால் இந்தப் பக்கத்து ஜனங்கள் முதலில் சொல்கிற பேர் அவருடையது. குட்டையான உருவம். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு வேர்க்கடலை உரித்துத் தின்றபடியே கட்சிக்காரர் பேசுவதைக் கேட்பார்.

“யாரு பேசப் போறது, நீங்களா, பையனா?”

“நானே சொல்றேங்க மேடம். எங்கூட்டுக்காரரு ஒரு தப்பும் பண்ணலீங்க.”

“அதை விடுங்க. அது எனக்கு இப்ப வேணாம். முந்தின நாள் சாயங்காலம் உங்க வீட்டுல என்ன குழம்பு?”

உபகாரமேரி மகனைப் பார்த்தாள். இந்த அம்மா கேசை நடத்துமா, இல்லை விளையாடுகிறதா என்று அவளுக்குப் புரியவில்லை.

“கருவாட்டுக் கொழம்புங்க.”

“கரண்டு போறதுக்கு முன்னாடி ஆக்குனீங்களா, பின்னாடியா?”

“பின்னாடி. வெளக்கு வெச்சிக்கினுதான் ஆக்குனேன்.”

“சாப்பிட்டது யார் யாரு? கை கழுவ வெளிய போனது யாரு? மாடு எங்க கட்டியிருந்துச்சு? மோட்டார் கொட்டாய் சாவி எங்க மாட்டுவீங்க?”

இப்படியே ஒரு மணி நேரம் போயிற்று. பிணத்தைப் பற்றி ஒரு கேள்வி இல்லை, கம்பியைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. கேட்டதையே சுற்றி வளைத்து மறுபடியும் கேட்டார். கடைசியில் மடியில் கிடந்த கடலைத் தோலை உதறிவிட்டு எழுந்தார்.

“இதுவரைக்கும் ரெண்டு இடத்துல பொய் சொல்லியிருக்கீங்க. பரவாயில்ல, இந்த நாற்காலில உக்கார்ற எல்லாரும் சொல்றதுதான். எங்கிட்டப் பொய் சொல்லலாம். எது பொய்ன்னு மட்டும் எனக்கு முன்னாடியே தெரியணும். அடுத்தவாட்டி யோசிச்சுக்கினு வாங்க.”

அமல் தலையைக் குனிந்துகொண்டான்.

“அவரு போலீஸ்கிட்ட ஒத்துக்கினாரே மேடம். அது போதாதா அவங்களுக்கு?” என்று கேட்டாள் உபகாரமேரி.

“போலீஸ்கிட்ட ஒரு ஆளு ‘நாந்தான் செஞ்சேன்’னு நூறுவாட்டி சொன்னாலும் கோர்ட்டுல அது செல்லாது. அதை நான் பாத்துக்கறேன். எனக்கு வேற சந்தேகம். கேட்ட ஒடனே ஒத்துக்கறவன் எவனும் தனக்காக ஒத்துக்க மாட்டான்.” சொல்லிவிட்டு அமலை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

புருஷனை வெளியே எடுக்கப் பிள்ளையை உள்ளே தள்ளிவிடுவாளோ இந்த அம்மா என்ற பயம் உபகாரமேரியை அன்றைக்குப் பிடித்ததுதான்.

*

பயத்துக்கு எண்ணெய் ஊற்றினவள் கமலா. பக்கத்துக் கொல்லைக்காரரின் சம்சாரம். தாயும் பிள்ளையுமாகக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து வரப்பில் நின்றாள். மழை விட்டு மண் இளகியிருந்தது. அமல் தண்டைப் பிடித்து ஆட்டி ஆட்டிப் பிடுங்கிப் போட, உபகாரமேரி கொடுவாளால் கிழங்கைத் தண்டிலிருந்து வெட்டிக் குவித்துக்கொண்டிருந்தாள். கூலிக்கு ஆள் யாரும் வரவில்லை. செத்த இடம் என்று ஒரு பேச்சு, போலீஸ் வந்து போகிற இடம் என்று இன்னொரு பேச்சு.

“உங்க வக்கீலம்மாவ நேத்து பாத்தேன் உபகாரம். கோர்ட்டு வாசல்ல அந்த இன்ஸ்பெக்டரோட நின்னு டீ குடிச்சிக்கினு சிரிச்சிக்கினு இருக்குது.”

“அப்டியா?”

“எனக்கு எதுக்கு வம்பு. கண்ணுல பட்டுச்சு, சொன்னேன். ரெண்டு பக்கமும் பேசற ஆளுங்கன்னா உசாரா இருக்கணும். உன் வூட்டுக்காரரு பாவம், நல்ல மனுசன்.” கமலா குரலைத் தாழ்த்தினாள். “ஆமா, அன்னிக்குக் காலைல உம் பையன் அணை ரோட்டுப் பக்கமிருந்து வந்தானாமே?”

“யாரு சொன்னது?”

“பேசிக்கிறாங்க.”

உபகாரமேரி கொடுவாளை ஓங்கி ஒரு தண்டில் இறக்கினாள். “அவன் வூட்ல தூங்கிக்கினு இருந்தான்.” கமலா போன பிறகும் நெடுநேரம் தாயும் பிள்ளையும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். அவள் கேட்டிருந்தால் அவனும் சொல்லியிருப்பான். கிழங்கு மட்டும் குவிந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலைப் பூசை முடிந்ததும் மனுப் போட்டுப் புருஷனைப் பார்க்கக் கடலூர் ஜெயிலுக்குப் புறப்பட்டாள். கம்பிக்கு அந்தப் பக்கம் ராயப்பன் இளைத்திருந்தார். தாடி வெள்ளையாய் முளைத்திருந்தது. பக்கத்தில் நாலைந்து பேர் தங்கள் ஆட்களோடு கத்திப் பேசிக்கொண்டிருந்ததால் காதைக் கம்பியோரம் கொண்டு வந்தார்.

“ஆர்டர் வந்துச்சா?”

“இன்னும் இல்ல. வக்கீலம்மா உங்களக் கேட்டுக்கினு வரச் சொன்னாங்க, கம்பி எங்க வாங்குனீங்க, எத்தினி கொம்பு நட்டீங்கன்னு.”

“நாந்தான் நட்டேன்னு சொல்லு. அவன் பேர எங்கயும் எழுத வுடாத. அவன் போலீஸ்ல சேர்ந்துட்டான்னா அப்பறம் நான் இங்கியே கெடந்தாலும் பரவால்ல.”

“ஏங்க, நீங்க அவன…” அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

“இங்க வெச்சி அந்தப் பேச்சு வாணாம். கெழங்கு இன்னா வெலைக்குப் போவுது?”

*

அடுத்த வாரம் விஜயலட்சுமி சொல்லாமல் கொள்ளாமல் கொல்லைக்கே வந்து இறங்கினார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகி, பிடுங்கிப் போட்ட பாத்திகளின் மேல் நடந்தார். மோட்டார் கொட்டகையைப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், மலைப் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் நின்றார்.

உபகாரமேரி அவித்த கிழங்கும் மிளகாய்ச் சட்னியும் கொண்டுவந்து வைத்தாள். அவர் கை வைக்கும் வரை காத்திருந்து கேட்டாள்.

“மேடம், நீங்க அந்த இன்ஸ்பெக்டரோட டீ குடிக்கிறீங்கன்னு ஊர்ல பேசறாங்க.”

“குடிக்கறேன். வாரத்துக்கு ரெண்டு வாட்டி குடிப்பேன். அவரு வாய்லேருந்து வர்றது கேசுக் கட்டுல இருக்காது.” கிழங்கை ஊதி ஊதித் தின்றார். “என்னைச் சந்தேகப்படுங்க, தப்பில்ல. நானும் உங்களச் சந்தேகப்பட்டுக்கினுதான் இருக்கேன். பொணத்த மொதல்ல பாத்தது நீங்கதான?”

“ஆமாங்க.”

“எப்படிக் கெடந்தாரு?”

“மல்லாக்க. கண்ணு தொறந்துக்கினு.”

“கம்பி எங்க இருந்துச்சு? கால்லயா?”

உபகாரமேரி யோசித்தாள். அந்தக் காலையை அவள் ஆயிரம் தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். நினைத்ததெல்லாம் அமலின் காலிப் பாயைத்தான், அவன் ஷூவைத்தான். செத்தவன் கிடந்த கோலத்தை இப்போதுதான் பார்க்கிற மாதிரி இருந்தது.

“கைல இருந்துச்சுங்க. சோத்துக் கைல. நான் போட்ட சத்தத்துல எங்கூட்டுக்காரரு மாட்டுக் கொட்டாய்லேருந்து ஓடியாந்து பீஸ் கட்டைய புடுங்குனாரு. அப்பறம் ஆளுங்களக் கூப்பிட ஊருக்குள்ள ஓடுனாரு. உசுரு இருக்குமோன்னு நான் அவன் கைய நீவி வுடப் பாத்தேன். வெரலு மடங்கிக்கினு தொறக்கவே இல்ல. இழுத்துத் தொறந்தேன். உள்ளங்கைல கம்பி தடம் கறுப்பா… கம்பி அப்பதான் கீழ வுழுந்துச்சு.”

விஜயலட்சுமி தின்பதை நிறுத்தினார். “இதைப் போலீஸ்கிட்ட சொன்னீங்களா?”

“அவங்க கேக்கலீங்க.”

“கம்பி எவ்வளவு உசரத்துல கட்டியிருந்துச்சு?”

“கணுக்கால் ஒசரந்தான். பன்னிக்கு அப்படித்தான் கட்டுவாங்க.”

“நடந்து போற ஆளு கணுக்கால் உசரத்துக் கம்பிய எப்படிக் கையில பிடிப்பான்?” அவர் அதை அவளிடம் கேட்டதாகத் தெரியவில்லை. “அந்த ஆளு பக்கத்துல வேற என்ன கெடந்துச்சு?”

உபகாரமேரி முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அமல் கிழங்குக் குவியலிலிருந்து எழுந்து அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

“சொல்லுங்க. அன்னிக்கு ரெண்டாவதா நீங்க மறைச்சது இதத்தான்னு எனக்குத் தெரியும்.”

“கம்பிச் சுருளுங்க. அவன் தலமாட்டுல, மிச்சக் கம்பி சுருளா கெடந்துச்சு. இவன் வாங்கியாந்ததுன்னு நெனச்சிட்டேன். யாரும் வர்றதுக்குள்ள தூக்கிக் கெணத்துல போட்டுட்டேன்.”

“நானா?” என்றான் அமல்.

“நீதான அன்னிக்கு சாப்பிடறப்ப கம்பி இழுக்கணும்னு சொன்ன. பாய்ல நீ இல்ல. ஷூவெல்லாம் சேறு. நான் இன்னாடா நெனைக்கறது?”

அமல் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். அம்மாவை ஒரு புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தான். பிறகு வக்கீலைப் பார்த்துப் பேசினான்.

“அணை ரோட்ல ஓடப் போனேன் மேடம். தெனமும் இருட்டோட போயிட்டு, எல்லாரும் எழுந்திரிக்கறதுக்குள்ள வந்துடுவேன். நான் செலக்ட் ஆவல. ஓட்டத்துல பெயிலாயிட்டேன். வூட்ல பாஸ்னு சொல்லிட்டேன். அடுத்த ஆளெடுப்புல எப்டியாவது ஜெயிச்சிடலாம், அதுவரைக்கும் ஆர்டர் வரலேன்னு சொல்லிக்கலாம்னு இருந்தேன்.”

“அப்போ உங்கப்பா ஒத்துக்கினப்ப நீ ஏன் வாய் தொறக்கல?”

“அவருதான் இழுத்தாருன்னு நெனச்சேன் மேடம். எங்கப்பா பொய் சொல்லி நான் பாத்ததே இல்ல.”

மலைமேல் மேகம் இறங்கி, பாதி மலை தெரியாமல் போயிருந்தது.

விஜயலட்சுமி கையைக் கழுவினார். “கம்பிய எவன் கட்டிக்கினு இருந்தானோ அவன்தான் கையில பிடிச்சிருப்பான். மிச்சச் சுருளும் அவன் தலமாட்டுலதான் இருக்கும். கரண்டு போயிருந்த நேரமாப் பாத்து உங்க மோட்டார்ல கொக்கிய மாட்டிட்டு, கம்பிய இழுத்துக் கட்டிக்கினே வந்திருக்கான். கட்டி முடிக்கறதுக்குள்ள கரண்டு வந்துடுச்சு. பன்னிக் கறிக்குத்தான் இது.” உபகாரமேரியின் பக்கம் திரும்பினார். “அந்தச் சுருள் அங்கியே கெடந்திருந்தா உங்க வீட்டுக்காரரு அன்னிக்கு சாயங்காலமே வீட்டுக்கு வந்திருப்பாரு. இப்ப அதைக் கெணத்துலேருந்து எடுக்க முடியாது. எடுத்தா சாட்சியத்த அழிச்சதுக்கு நீங்க உள்ள போவணும். இதை நான் கேக்கல, நீங்களும் சொல்லல. இனிமே இந்த வீட்ல யாரும் இதைப் பத்திப் பேசக் கூடாது. பேசினா கோர்ட்டுல மூஞ்சி காட்டிக் குடுத்துடும்.”

*

ஜெயிலில் ராயப்பன் இதை நம்பவில்லை. சுருள் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் உபகாரமேரி கம்பியோரம் வாயை வைத்துச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு லேசாகச் சிரித்தார்.

“வக்கீலம்மா கெட்டிக்காரிதான். செத்தவன் மேல போட்டுட்டா அவன் எழுந்து வந்து இல்லேன்னா சொல்லப் போறான்?”

“சத்தியமாங்க. மாதா மேல ஆணையா. பையன் ஓடப் போனானாம். செலக்டே ஆவலையாம்.”

“அப்டிச் சொல்லச் சொல்லியிருப்பாங்க. ஆர்டர் வர்ற வரைக்கும் அப்டியே சொல்லட்டும். நல்லதுதான்.”

பஸ்ஸில் திரும்பி வருகிறபோது அவளுக்குள்ளேயே ஒரு புழு நெளிந்தது. வக்கீல் அந்தக் கேள்விகளைக் கேட்டுக் கேட்டுத்தான் தன் வாயில் இந்தக் கதை வந்ததோ? கை மடங்கியிருந்தது நிஜம்தானா? அமல் நிஜமாகவே ஓடத்தான் போனானா? இல்லை, முந்தின சாயங்காலம் மோட்டார் கொட்டகைப் பக்கம் போன புருஷன்தான் கொக்கியை மாட்டினாரா? ஒருவரைச் சந்தேகத்திலிருந்து இறக்கி வைத்தால் இன்னொருவர் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

இரண்டு தடவை தள்ளுபடியாகி மூன்றாம் தடவை ஜாமீன் கிடைத்தது. ராயப்பன் வீட்டுக்கு வந்தார். வக்கீல் சொன்னபடி யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மூவரும் ஒன்றாக உட்கார்ந்து களி தின்றார்கள், ஒன்றாக அடுத்த போகத்துக்குத் தண்டை வெட்டிக் கரணை நட்டார்கள். ராயப்பன் மகனோடு முன்னைவிட அன்பாகத்தான் இருந்தார். கருவாட்டில் நல்ல துண்டாகப் பார்த்து அவன் தட்டில் தள்ளுவார். அந்த அன்பைத்தான் அமலால் தாங்க முடியவில்லை. தன்னைக் குற்றவாளி என்று நினைத்துக்கொண்டு காட்டுகிற அன்பு அது என்று அவனுக்குத் தெரியும். தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவான்.

*

வாய்தா வாய்தாவாக ஒன்றரை வருசம் இழுத்து, ஒரு சித்திரை மாதத்தில் சாட்சி விசாரணை ஆரம்பித்தது. கோர்ட்டு ஃபேன் காற்றில் அனல்தான் வந்தது. கலையரசன் செத்த அன்றைக்குக் கரண்டு விடியப் போகிற நேரத்தில்தான் திரும்ப வந்தது என்று மின்வாரிய ஊழியர் ஒருவர் சாட்சி சொன்னார். அடுத்தது பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர். விஜயலட்சுமி கண்ணாடியைத் தலையிலிருந்து மூக்குக்கு இறக்கிக்கொண்டு எழுந்தார். குரலை உயர்த்தவே இல்லை. பக்கத்து வீட்டில் நலம் விசாரிக்கிற மாதிரி இருந்தது.

“டாக்டர், இறந்தவர் கால்ல மின்சாரக் காயம் உண்டா?”

“இல்லை.”

“முழங்கால்ல?”

“இல்லை.”

“மின்சாரம் உடம்புல நுழைஞ்ச இடம் எது?”

“வலது உள்ளங்கை.”

“கணுக்கால் உயரத்துல கட்டின கம்பில நடந்து போறவர் மோதினா எங்க காயம் ஏற்படும்?”

“பெரும்பாலும் காலில்.”

“கம்பியக் கையில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்கிறப்ப அதுல மின்சாரம் வந்தா இந்த மாதிரி காயம் ஏற்படலாமா?”

டாக்டர் ஜட்ஜைப் பார்த்தார், அரசு வக்கீலைப் பார்த்தார். “ஏற்படலாம்.”

அதோடு உட்கார்ந்துவிட்டார் விஜயலட்சுமி.

மத்தியானத்துக்கு மேல் இருசம்மாள் கூண்டேறினாள். காது மூளியாக, நைந்த நீலப் புடவையில் இருந்தாள். “விடியக் காலைல வெளிக்குப் போனாருங்க, வரல” என்று அரசு வக்கீல் கேட்டதற்குச் சொன்னாள். சொல்லும்போது கூண்டுக் கட்டையைப் பார்த்தபடியே இருந்தாள். விஜயலட்சுமி எழுந்தபோது உபகாரமேரி பெஞ்சு நுனிக்கு நகர்ந்தாள். கம்பி யாருடையது, மலையிலிருந்து யார் கொண்டுவந்தார்கள், பன்றிக் கறியை எங்கே விற்றீர்கள், இதெல்லாம் வரப்போகிறது. இருசம்மாளும் அதற்குத்தான் தயாராக நின்றாள்.

“உங்க வீட்டுக்காரருக்கு எந்தக் கை பழக்கம்?”

“சோத்துக் கைதாங்க.”

“ராயப்பனுக்கும் உங்களுக்கும் ஏதாவது விரோதம் உண்டா?”

“இல்லீங்க. அவங்க கொல்லைலதான் வேல செஞ்சிக்கினு இருந்தோம்.”

“வேற கேள்வி இல்லை.”

வராந்தாவில் உபகாரமேரி வக்கீலை வழிமறித்தாள். “ஏன் மேடம் வுட்டுட்டீங்க? ஒரு வார்த்த கேட்டிருந்தா அவளே சொல்லியிருப்பா. எங்கூட்டுக்காரரு நம்பியிருப்பாரு.”

“டாக்டர் வாயாலயே எனக்கு வேண்டியது வந்துடுச்சு. அதுக்கு மேல கேட்டா அந்தப் பொம்பள அழுவா. அழற பொம்பளைய ஜட்ஜு நம்புவாரு. உண்மைய ஒத்துக்கினாளோ, கறி விக்கறவ, திருட்டுக் கரண்டு எடுத்தவன்னு அவமேல வேற கேசு வரும். புருசன் போனது பத்தாதா? ஒரு கேள்வி கம்மியாக் கேட்டு எந்தக் கேசும் தோத்ததில்ல.” கவுனைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். “உங்க வீட்டுக்காரரு நம்பறது நம்பாதது என் வேலை இல்லம்மா.”

*

ஆடி மாதம் தீர்ப்பு வந்தது. ராயப்பன்தான் கம்பி இழுத்தார் என்று நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி ஜட்ஜு விடுதலை செய்தார். ராயப்பன் கும்பிட்டார். வெளியே வந்ததும் மகனின் தோளைத் தட்டி, “இனிமே பயமில்ல” என்றார். அமல் தோளை விலக்கிக்கொண்டான்.

கோர்ட்டு வளாகத்துப் புளியமரத்தடியில் இருசம்மாள் தனியாக நின்றிருந்தாள். தீர்ப்பு கேட்க அவளுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. அவளாகத்தான் வந்திருந்தாள். ராயப்பன் அவளைப் பார்த்ததும் நேராக அவளிடம் போனார். உபகாரமேரி தடுக்கிறதற்குள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கை கூப்பிவிட்டார்.

“கோர்ட்டு வுட்டாலும் ஆண்டவர் வுட மாட்டாரு இருசம்மா. எம் பையன் வயசுக் கோளாறுல பண்ணிட்டான். பன்னிக்குன்னுதான் வெச்சான், உம் புருசனுக்கு இல்ல. அவன சபிச்சிடாத. என்ன இன்னா வேணா சொல்லு.”

அமல் அங்கேயேதான் நின்றிருந்தான். ஒவ்வொரு வார்த்தையும் அவன் காதில் விழுந்தது.

இருசம்மாள் புரியாமல் அவரையும் உபகாரமேரியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“உங்க பையனா? அவன் எங்க வந்தான் இதுல? கம்பிய எங்க வூட்டுக்காரருதாங்க கட்டினாரு. சுருள நாந்தான் தலைல வெச்சி மலையிலேந்து எறக்கினேன். கரண்டு இல்ல, வர்றதுக்குள்ள கட்டிட்டு வந்துடறேன்னு போனாரு. வாணாம்னு நான் ஒரு வார்த்த சொல்லல.” அவள் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டாள். “அன்னிக்குக் கூண்டுல வெச்சி வக்கீலம்மா கேப்பாங்கன்னு இருந்தேன். கேட்டா சொல்லிப்புடணும்னுதான் இருந்தேன். கேக்காம வுட்டுட்டாங்க. அது மனசுல கெடந்து அறுக்குது. அதச் சொல்லத்தான் வந்தேன். பன்னி புடிக்கப் போயி செத்தான்னு எம் புள்ளைங்கள ஊர் சொல்லக் கூடாதேன்னுதான் மறைச்சேன்.”

பின்னாலிருந்து விஜயலட்சுமியின் குரல் வந்தது. எவ்வளவு நேரமாக அங்கே நின்றாரோ தெரியாது.

“கோர்ட்டுல நான் கேக்காதத மரத்தடில வந்து சொல்லக் கூடாது இருசம்மா. கரியாலூர் பஸ் நிக்குது பாருங்க. ஏறிப் போங்க. இங்க யாரு காதுலயும் எதுவும் வுழல.”

இருசம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தாள். உபகாரமேரி அவள் கூடவே வாசல் வரைக்கும் போனாள். பஸ் ஏறுவதற்கு முன்னால் இருசம்மாள், “கெழங்கு புடுங்க ஆளு கெடைக்குதா யக்கா?” என்று கேட்டாள். “வா. நீ வந்தா போதும்” என்றாள் உபகாரமேரி.

திரும்பி வந்தபோது ராயப்பன் புளியமரத்து வேரில் உட்கார்ந்திருந்தார். அமல் பஸ் ஸ்டாண்டை நோக்கித் தனியாகப் போய்க்கொண்டிருந்தான். அவர் கூப்பிடவில்லை. எழுந்து அவன் பின்னாலேயே நடந்தார்.

அணைப் பக்கம் போகிற பஸ்ஸில் மத்தியான நேரமாதலால் பாதி சீட்டு காலியாக இருந்தது. அமல் உட்காராமல் படிக்கட்டுப் பக்கம் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டான். உபகாரமேரி ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் புருஷனுக்கு இடம் வைத்தாள். ராயப்பன் அந்த இடத்தைப் பார்த்தார். பிறகு ஆடுகிற பஸ்ஸில் சீட்டுகளைப் பிடித்துப் பிடித்து நடந்து போய் மகனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

“எடம் இருக்குது இல்ல, போய் உக்காரு” என்றான் அமல், முகத்தைத் திருப்பாமல்.

“இருக்கட்டும்.”

இரண்டு ஊர் தாண்டியது. வெயிலில் கரும்புத் தோட்டங்கள் பின்னால் ஓடின. மலை ஒரு வளைவில் தெரிந்து மறுபடி மறைந்தது. ராயப்பன் தொண்டையைக் கனைத்தார். இன்னும் கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டார்.

“அந்த ஓட்டம்… எவ்ளோ தூரம் ஓடணும்?”

அமல் கம்பியை மாற்றிப் பிடித்தான்.

“ஒன்ர கிலோமீட்டர்.”

“மூச்சு வாங்குதா, கால் வலிக்குதா? எதுல வுட்ட?”

“மூச்சுதான்.”

“உம்” என்றார் ராயப்பன். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. காலி சீட்டுகளுக்கு நடுவில் அப்பனும் பிள்ளையும் ஊர் வரும் வரைக்கும் நின்றுகொண்டே வந்தார்கள்.